அடிக்காமலே பழக்கலாம் வாங்க!



கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி பற்றியெல்லாம் நாம் நிறைய பேசுகிறோம். இந்த முறை நாயைப் பற்றி. "நாய்க்கு எதுக்குங்க ஒரு கட்டுரை?" என்று சிரிக்காதீங்க. ஒரு சின்ன நாயால் ஒரு குடும்பம் வீட்டையே காலி செய்ய வேண்டிய நிலைமை வந்தது. அதைச் சொன்னால் புரியும்.

போன ஆடி மாசக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டாச்சு. கிளம்பும் நேரத்தில் முடிச்சூர் பக்கத்து உறுப்பினர் ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

தாம்பரத்தில் யாரோ ரோட்டில் விட்டுவிட்டுப் போன ஒரு சின்ன நாயை அவருடைய மகள் தூக்கிட்டு வந்துவிட்டாளாம். வெள்ளைச் சடை, பொமரேனியன் கலப்பு. குட்டி இல்லை, நாலைந்து வயசான ஆண் நாய். பெயர் மணி. சாதுவான நாய், பிள்ளையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால்...

"வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிடுதுங்க. அரிசி மூட்டை மேலயே போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் செருப்பால அடிக்கிறாரு. அடிச்சா இன்னும் ஜாஸ்தியாத்தான் போகுது. இந்த மாசத்துக்குள்ள நாயை எங்கயாவது விடுங்க, இல்லன்னா வீட்டைக் காலி பண்ணுங்கன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க. பாப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

உடனே நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். "மூஞ்சியை அதுலயே தேய்ச்சு விடுங்க", "ரெண்டு போடு போட்டாதான் வழிக்கு வரும்", "அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

சகோதரிகளே, இந்த விஷயத்தில் அந்தப் பழமொழி பலிக்காது. ஏன் என்று பார்ப்போம்.

அடித்தால் நாய் என்ன கற்றுக்கொள்கிறது?

நீங்கள் குழாயடிக்குப் போயிருக்கீங்க. அந்த நேரத்தில் நாய் மூலையில் ஒண்ணுக்குப் போய்விடுகிறது. பத்து நிமிஷம் கழித்து நீங்கள் வந்து பார்த்து அடிக்கிறீங்க. "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சதுக்குத்தான் இந்த அடி" என்று நாய்க்குத் தெரியாது. அது ஒரு செயலையும் அதன் பலனையும் சேர்த்துப் புரிந்துகொள்வது ஒன்றிரண்டு விநாடிக்குள்தான். அதனால் அதற்குப் புரிவது: "அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்தா அடி விழும்."

அது செய்துகொண்டிருக்கும்போதே பார்த்து அடித்தால்? அப்போதும் "வீட்டுக்குள்ளே போகக்கூடாது" என்று புரியாது. "மனுஷங்க முன்னாடி போகக்கூடாது" என்றுதான் புரியும். அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று மறைவாகப் போகும். வெளியே கூட்டிக்கொண்டு போனாலும் நீங்கள் கூட நிற்பதால் பயந்து அடக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் வந்து நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் போய்விடும். "வெளியே அரை மணி நேரம் நின்னேன், போகல. உள்ள வந்த உடனே போயிடுச்சு, திமிரு!" என்போம். அது திமிர் இல்லைங்க, பயம்.

"தப்பு செஞ்சுட்டோம்னு அதுக்கே தெரியும், முழியைப் பாருங்க" என்பார்கள் சிலர். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார். நாய் தின்பண்டத்தைத் திருடித் தின்றதா இல்லையா என்று அதை வளர்ப்பவர்களிடம் சில தடவை மாற்றிச் சொன்னார்கள். ஒரு தப்பும் செய்யாத நாயும், திட்டு வாங்கியதும் அதே 'திருட்டு முழி' முழித்தது. ஆக அந்த முழி குற்ற உணர்ச்சியால் வருவதில்லை. நம் கோபத்தைப் பார்த்து வருவது.

இன்னொன்றும் உண்டு. ரொம்பப் பயந்த நாய் ஆளைப் பார்த்ததும் உடம்பைச் சுருக்கி, காதை மடக்கி, கொஞ்சமாக ஒண்ணுக்கு விட்டுவிடும். "நான் உங்களுக்கு அடங்கினவன், என்னை விட்டுடுங்க" என்று நாய் பாஷையில் அதற்கு அர்த்தம். அதற்கும் அடித்தால் இன்னும் போகும். மணிக்கு நடந்ததில் பாதி இதுதான்.

இப்படி நாய்கள் தெருவுக்கு வருவது எதனால்?

மணி மாதிரி நாய்கள் நம் பகுதியில் நிறைய. சொந்த வீட்டிலிருந்து ஃபிளாட்டுக்கு மாறும்போது விட்டுவிடுகிறார்கள். வயசானால், வியாதி வந்தால் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்து படகில் ஆட்களை மீட்டார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்று கிளம்பும்போது நாய், பூனையை யார் நினைப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதி மறுபடி தண்ணீரில் நின்றது.

ரோட்டில் இருந்த நாய்க்கு மண்ணும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். சில நாய்களைக் கூண்டிலேயே அடைத்து வளர்த்திருப்பார்கள். படுக்கிற இடத்திலேயே போவதுதான் அதற்குத் தெரியும். 'உள்ளே', 'வெளியே' என்ற வித்தியாசத்தை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத பாடத்துக்கு அடிப்பது நியாயமா?

ஒரு நல்ல செய்தி: குட்டியைவிட வளர்ந்த நாயைப் பழக்குவது பல விதத்தில் சுலபம். குட்டியால் அடக்க முடியாது, வளர்ந்த நாயால் முடியும். ஆனால் சின்ன நாய்க்கு மூத்திரப் பையும் சின்னது. பெரிய நாயைவிட அடிக்கடி வெளியே கூட்டிப் போக வேண்டியிருக்கும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்

பழக்க ஆரம்பிக்கும் முன் கால்நடை மருந்தகத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மூத்திரப் பையில் புண், கல், சர்க்கரை வியாதி இருந்தால் எந்த நாயாலும் அடக்க முடியாது. குடல் புழு இருந்தால் பேதி போகும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, மூத்திரத்தில் ரத்தம், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இதெல்லாம் நோயின் அறிகுறி. போகும்போதே புழு மாத்திரையும் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் முடித்துவிடுங்கள். தெருவில் இருந்து வந்த நாய்க்கு இந்த ஊசி கட்டாயம் போட வேண்டும்.

ஆண் நாய் காலைத் தூக்கி மூட்டை, கதவு நிலை, கட்டில் கால் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடித்து வைத்தால் அது அடக்க முடியாமல் போவது இல்லை. "இது என் எல்லை" என்று கையெழுத்துப் போடுகிறது. கருத்தடை செய்தால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் குறையும். சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964-லிலிருந்தே நாய்களுக்குக் கருத்தடை செய்து வருகிறது. டாக்டரிடம் கேட்டால் உங்கள் பக்கத்தில் எங்கே செய்கிறார்கள் என்று சொல்வார்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

குழுவில் வரவு செலவு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. நாலு கட்டம் போடுங்கள்: சாப்பிட்ட நேரம், தண்ணீர் குடித்த நேரம், வெளியே போன நேரம், வீட்டுக்குள் போன நேரம். மூன்று நாள் எழுதினால் போதும். "சாப்பிட்டு இருபது நிமிஷத்துல போகுது", "மத்தியானம் தூங்கி எழுந்தா போகுது" என்று நாயின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால் சாப்பாட்டு நேரமும் சரியாக இருக்க வேண்டும். எப்போதும் தட்டில் சோறு கிடந்தால் எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கும். காலை, சாயங்காலம் என்று இரண்டு வேளை ஒரே நேரத்தில் வையுங்கள். பதினைந்து நிமிஷத்தில் சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து.

பழக்கும் முறை

1. நேரம்: முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப் போங்கள். அதோடு காலையில் எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், ராத்திரி படுக்கும் முன்னும் கண்டிப்பாகப் போக வேண்டும்.

2. இடம்: தினமும் ஒரே இடம். வீட்டுக்குப் பின்னால் மண் தரை, காலி மனை ஓரம் எதுவானாலும் சரி. பழைய வாசனை இருந்தால் நாய்க்கு உடனே ஞாபகம் வரும். பக்கத்து வீட்டு வாசல், கோலம் போட்ட இடம், அடிபம்பு ஓரம் வேண்டாம்.

3. சொல்: கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். அது போகத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல், "மூச்சா போ" என்று மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் சொல்லைக் கேட்டதுமே போகும். மழை நாளில் இது ரொம்ப உதவும்.

4. பாராட்டு: போய் முடித்த அந்த நொடியே "சமத்து மணி!" என்று சந்தோஷமாகச் சொல்லி, கையில் வைத்திருக்கும் தின்பண்டத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் "வீட்டுக்கு வந்ததுக்குத்தான் பிஸ்கட்" என்று நினைத்துக்கொள்ளும். அவித்த முட்டைத் துணுக்கு, இட்லித் துண்டு, சாதா பிஸ்கட்டில் கால் பாகம் போதும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட எதையும் கொடுக்காதீங்க. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழித்து ரத்த சோகை உண்டாக்கும்.

5. போனதும் உடனே வீட்டுக்குள் இழுத்து வராதீங்க. "போனா ஊர் சுத்தறது முடிஞ்சுடும்" என்று புரிந்துகொண்டு அடக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு நிமிஷம் நடக்க விட்டுப் பிறகு வாருங்கள்.

6. பத்து நிமிஷம் நின்றும் போகவில்லையா? திட்டாமல் உள்ளே கூட்டி வந்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி கூட்டிப் போங்கள்.

வீட்டுக்குள் இருக்கும்போது முதல் இரண்டு வாரம் கண் பார்வையிலேயே இருக்கட்டும். நீங்கள் கீரை ஆயும்போது, தையல் மிஷினில் உட்காரும்போது கயிற்றின் நுனியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அடிக்கடி தரையை மோப்பம் பிடிப்பது, வட்டம் போடுவது, விளையாட்டைப் பாதியில் விட்டு மூலைக்குப் போவது, கதவைப் பார்ப்பது இதெல்லாம் அது கொடுக்கும் சிக்னல். பார்த்த உடனே வெளியே கூட்டிப் போங்கள். அதற்காக நாள் முழுக்கக் கட்டிப் போடுவது தப்பு.

வீட்டுக்குள் போய்விட்டால்?

செய்துகொண்டிருக்கும்போது பார்த்தால் கையை லேசாகத் தட்டி, "வா வா, வெளியே" என்று கூட்டிப் போங்கள். மீதியை வெளியே முடித்தால் பாராட்டுங்கள். செய்து முடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் சுத்தம் செய்யுங்கள். நோட்டில் ஒரு கோடு போடுங்கள். "நாமதான் நேரத்தைத் தவற விட்டுட்டோம்" என்று அர்த்தம்.

சுத்தம் செய்வதில்தான் நாம் பெரிய தப்பு செய்கிறோம். பினாயில் ஊற்றினால் நம் மூக்குக்கு வாசனை போய்விடும், நாயின் மூக்குக்குப் போகாது. வாசனை இருக்கும் வரை "இதுதான் என் இடம்" என்று அதே இடத்துக்கு வரும். கறுப்புப் பினாயில் பட்ட காலை நக்கினால் அதற்கு விஷமும் கூட. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் நேராகப் போட்டால் நெடி கிளம்பி நம் கண்ணும் தொண்டையும் எரியும்.

பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் ஆப்பசோடா தூவி, கொஞ்ச நேரம் கழித்துப் பெருக்கி எடுங்கள். சாக்கு, பாய், மிதியடி என்றால் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். சிமெண்டுத் தரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் இரண்டு தடவை செய்யுங்கள்.

வெளியே போன மலத்தையும் அப்படியே விடாதீங்க. காகிதத்தில் எடுத்துக் குழியில் போட்டு மண் மூடுங்கள். நாய் மலத்தில் இருக்கும் கொக்கிப்புழு வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோல் வழியாகவே புகும். அக்கம் பக்கத்தில் சண்டை வருவதும் பெரும்பாலும் இதனால்தானே!

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"நாங்க வேலைக்குப் போயிடுவோம், எட்டு மணி நேரம் யார் பாக்கறது?"
புதிதாக வந்த சின்ன நாயால் அவ்வளவு நேரம் அடக்க முடியாது. மத்தியானம் ஒரு தடவை வெளியே விட, பக்கத்தில் இருக்கும் குழு உறுப்பினரைக் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் உடைந்த பிளாஸ்டிக் டப்பில் மண்ணைக் கொட்டி, பின்கட்டில் அது படுக்கும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். அதில் போனாலும் பாராட்டுங்கள். மண்ணை அடிக்கடி மாற்றுங்கள்.

"மழையில வெளியே வரவே மாட்டேங்குது."
சின்ன நாய்க்கு வயிறு தரையை ஒட்டி இருக்கும், ஈரம் பிடிக்காது. சன்ஷேடு அல்லது தாழ்வாரத்துக்கு அடியில் கொஞ்சம் மண் கொட்டி, மழைக்காலம் வரும் முன்பே அங்கே பழக்கிவிடுங்கள். தேங்கின தண்ணீரில் நடந்து வந்தால் காலைக் கழுவித் துடையுங்கள். எலிக் காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் பரவுகிறது.

"ராத்திரி போயிடுது."
சாயங்காலச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை கூட்டிப் போங்கள். உங்கள் கட்டில் பக்கத்திலேயே படுக்க விடுங்கள். எழுந்து நடந்தால் சத்தம் கேட்கும், உடனே வெளியே விடலாம்.

"எத்தனை நாள்ல சரியாகும்?"
சில நாய் இரண்டு வாரம், சில நாய் இரண்டு மாசம். நடுவில் நன்றாக இருந்து திடீரென்று ஒரு நாள் போய்விடும். மனம் விட வேண்டாம், மறுபடி முதல் வாரத்து நேரத்துக்குப் போங்கள். ஒரு மாசம் ஒழுங்காகச் செய்தும் கொஞ்சம் கூட மாற்றம் இல்லை என்றால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

கடியும் சட்டமும்

அடி வாங்கும் நாய் ஒரு நாள் திருப்பிக் கடிக்கும். அது அடித்தவரை விட்டுவிட்டு, பக்கத்தில் விளையாடும் பிள்ளையைக் கடிக்கவும் கூடும். எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறலாக இருந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்கக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். டாக்டர் சொல்கிற நாட்களில் எல்லா ஊசியையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் முற்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது. அதன் 11-வது பிரிவுப்படி பிராணியை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். பசி, தாகத்தில் வாடும்படி காரணமில்லாமல் கைவிடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் வெறும் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அபராதம் சின்னது என்பதற்காகப் பாவமும் சின்னது ஆகிவிடாது.

மணி என்ன ஆனான்?

அந்த அக்கா 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினார். எழுதியது மகள். முதல் வாரம் வீட்டுக்குள் போனது 19 தடவை. மூன்றாவது வாரம் 6. ஓனரம்மாவிடம் நோட்டையே கொண்டுபோய்க் காட்டி, "இன்னும் ஒரு மாசம் குடுங்கம்மா" என்று கேட்டார்கள். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பாக்கலாம்" என்றாராம். ஐப்பசி மழை தொடங்கியபோது வாரம் முழுக்க ஒரு கோடு கூட இல்லை. அவருடைய வீட்டுக்காரர்தான் இப்போது ராத்திரி கடைசி நடைக்குக் கூட்டிப் போகிறார். அவர் செருப்பை மாட்டினால் முன்பெல்லாம் மணி கட்டிலுக்கு அடியில் ஓடும். இப்போது வாசலுக்கு ஓடுகிறது.

நாம் குழு ஆரம்பித்த புதிதில் கையெழுத்துப் போடத் தெரியாமல் எத்தனை பேர் கைநாட்டு வைத்தோம்? யாரும் நம்மை அடித்துச் சொல்லித் தரவில்லை. வாரா வாரம், ஒரே நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக எழுதினால் "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிச் சொல்லித்தான் கற்றுக்கொண்டோம். வாயில்லா ஜீவனுக்கும் அதே வழிதான். நேரம் தவறாதீங்க, பாராட்ட மறக்காதீங்க, கையை ஓங்காதீங்க.

உங்கள் வீட்டு நாய்க்கும் இந்தத் தொல்லை இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டோடு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.